மந்திரக்கோல் அல்ல, வாண்ட்! – கார்ப்பெட் கழுவும் தொழிலில் காசை எங்கே போடுவது?

"வாண்ட்" என்றதும் பலருக்கு ஹாரி பாட்டர் கையில் இருக்கும் குச்சிதான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் கார்ப்பெட் கழுவிப் பிழைக்கும் ஆட்களிடம் அதே வார்த்தையைச் சொன்னால் வேறொன்றை எடுத்து நீட்டுவார்கள். வளைந்த, நீளமான ஒரு உலோகக் குழாய். அடியில் ஒரு அடி அகலத்துக்குத் தட்டையான வாய். அந்த வாய்க்குப் பக்கத்திலேயே வெந்நீரைப் பீய்ச்சும் சின்னச் சின்ன ஜெட்டுகள். கைப்பிடியில் ஒரு விசை. விசையை அழுத்தினால் வெந்நீர் கார்ப்பெட்டுக்குள் இறங்கும். அடுத்த நொடியே அந்த வாய் அழுக்கோடு சேர்த்து அதை உறிஞ்சிக்கொள்ளும். இவ்வளவுதான் வாண்ட்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்களின் செலவுக் கணக்கில் ஒரு விநோதம் உண்டு. வேனுக்குள் பொருத்தும் இயந்திரத்துக்குப் பல்லாயிரம் டாலர் கடன் வாங்குவார்கள். எத்தனை குதிரைசக்தி, எத்தனை டிகிரி சூடு, எவ்வளவு அழுத்தம் என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். கடைசியில் வாண்ட் வாங்கும் நேரம் வந்ததும், "இருப்பதிலேயே விலை குறைந்தது எது?" என்பார்கள். ஊரையே கல்யாணத்துக்கு அழைத்துவிட்டு, பந்திக்கு இலை வாங்க மறந்த கதைதான்.

கார்ப்பெட்டைத் தொடுவது வேனில் இருக்கும் இயந்திரம் இல்லை, வாண்ட்தான். தண்ணீரை உள்ளே விட யாராலும் முடியும். அதை வெளியே எடுப்பதுதான் தொழில். ஆகவே காசு குறைவாக இருந்தால் இயந்திரத்தில் ஒரு படி இறங்கலாம், வாண்டிலும் குழாயிலும் இறங்கக் கூடாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

முதலில், ஏன் இந்தப் பாடு?

நம் வீட்டுப் பவானி ஜமுக்காளம் அழுக்கானால் உதறி, துவைத்து, மொட்டை மாடியில் காயப்போட்டால் முடிந்தது. அமெரிக்க வீட்டின் கார்ப்பெட் அப்படி இல்லை. சுவருக்குச் சுவர் விரித்து, ஓரத்தில் ஆணிப்பட்டையில் மாட்டி, அடியில் மெத்தை போன்ற ஒரு விரிப்பும் போட்டிருப்பார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் டால்டன் என்று ஒரு ஊர். "உலகின் கார்ப்பெட் தலைநகரம்" என்றே அதற்குப் பட்டப்பெயர். அந்த ஊரும் அதன் சுற்றுவட்டாரமும் நெய்து தள்ளும் கார்ப்பெட்டில் பெரும்பகுதி இந்த வகைதான், அதுவும் பெரும்பாலும் நைலான், பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை.

தூக்கிக்கொண்டு வெளியே போக முடியாது. அதனால் குழாயடி, கொடிக்கயிறு, வெயில் மூன்றும் அந்த அறைக்குள் வந்தாக வேண்டும். இதற்குத்தான் வெந்நீர் பீய்ச்சி உறிஞ்சும் முறை. ஊர் வழக்கில் "ஸ்டீம் க்ளீனிங்" என்பார்கள். உண்மையில் நீராவி எதுவும் கிடையாது, சூடான தண்ணீர்தான்.

யோசனை பழசு. 1901-ல் லண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் ஒரு சுத்தம் செய்யும் இயந்திரத்தின் செயல்விளக்கத்தைப் பார்த்தார். அது தூசியை ஊதித் தள்ளியது. ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு உணவகத்தில் நாற்காலி மெத்தையின் மேல் வாயை வைத்து உறிஞ்சியே பார்த்தாராம். மூச்சு முட்டிப் போயிருக்கிறது, ஆனால் விடை கிடைத்துவிட்டது. அவர் செய்த இயந்திரம் குதிரை வண்டி அளவு பெரியது. தெருவில் நிறுத்திவிட்டு நீளமான குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடுவார்கள். 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்தது அவருடைய இயந்திரம்தான்.

இன்றைய வேன் இயந்திரமும் அதே ஏற்பாடுதான். குதிரை போய் எஞ்சின் வந்தது, தூசியோடு தண்ணீரும் சேர்ந்துகொண்டது. அன்றைக்கும் இன்றைக்கும் மாறாதது ஒன்று: சக்தி எல்லாம் தெருவில், வேலை எல்லாம் குழாயின் நுனியில்.

அழுத்தம் என்னும் மாயை

விற்பனையாளர் முதலில் சொல்வது பம்ப்பின் அழுத்தத்தை. "இது 400 பி.எஸ்.ஐ. சார், அது வெறும் 100 தான்." கேட்பவருக்கு நான்கு மடங்கு வேலை நடக்கும் என்று தோன்றும். நடக்காது. ஜெட் வழியாக வரும் தண்ணீரின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடும். அழுத்தம் நான்கு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்கு மட்டுமே.

ஜெட்டின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்று வேலை அங்கேயே தெரிந்துவிடும். 110015 என்று போட்டிருந்தால், முதல் மூன்று இலக்கம் தண்ணீர் விசிறி போல் விரியும் கோணம், 110 டிகிரி. மீதி, 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.15 கேலன் வரும் என்பதைச் சொல்கிறது. இப்படி நான்கு ஜெட் இருந்தால் மொத்தம் 0.6 கேலன். 400 பி.எஸ்.ஐ.யில் அது சுமார் 1.9 கேலன், அதாவது நிமிடத்துக்கு 7 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 100 பி.எஸ்.ஐ.யில் அதில் சரிபாதி.

நிமிடத்துக்கு 7 லிட்டரை ஒரு படுக்கையறைக் கார்ப்பெட்டில் இறக்கினால், அதில் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் அது அடியில் இருக்கும் மெத்தைக்குள் இறங்கும். பிறகு நாற்றம். நனைந்த பொருட்களை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. காற்றே ஈரமாக இருக்கும் கடலோர ஊர்களில் இந்தக் கெடு இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஞாயிற்றுக்கிழமை கார்ப்பெட் கழுவும் சென்னை அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

இங்கே ஜெட்டின் எண்ணிக்கையை விட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். நல்ல வாண்டில் ஜெட்டுகள் தரைக்கு அருகில், வரிசை பிசகாமல், விசிறிகள் ஒன்றோடொன்று லேசாக மட்டும் மேல்விழும்படி இருக்கும். மட்டமான வாண்டில் ஒரு பக்கம் இரண்டு முறை நனையும், நடுவில் ஒரு பட்டை நனையவே நனையாது. கார்ப்பெட் காய்ந்த பிறகுதான் அது வரிவரியாகத் தெரியும்.

ஸ்ட்ராவில் ஓட்டை

அடுத்தது உறிஞ்சும் பக்கம். இதில் இரண்டு கணக்கு இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். ஒன்று, எவ்வளவு பலமாக இழுக்கிறது. இன்னொன்று, நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை நகர்த்துகிறது. ரோஸ் மில்க் குடிப்பதை நினைத்துக்கொண்டால் போதும். முதலாவது கன்னத்தின் பலம், இரண்டாவது ஸ்ட்ராவின் அகலம். இரண்டும் வேண்டும். வேன் இயந்திரத்தின் இழுவிசையைப் பாதரச அங்குலத்திலும், கையில் தூக்கிச் செல்லும் சிறிய இயந்திரத்தின் இழுவிசையைத் தண்ணீர் அங்குலத்திலும் எழுதுவது வழக்கம். ஒரு அங்குலப் பாதரசம் 13.6 அங்குலத் தண்ணீருக்குச் சமம். இது தெரியாதவர் சிறிய இயந்திரத்தின் விளம்பரத்தில் 150 என்ற எண்ணைப் பார்த்து, 14 என்று எழுதியிருக்கும் வேன் இயந்திரத்தை ஏளனமாகப் பார்ப்பார். கணக்குப் போட்டால் 150 என்பது 11 பாதரச அங்குலம்தான்!

ஸ்ட்ராவில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தால் எப்படி? எவ்வளவு பலமாக உறிஞ்சினாலும் காற்றுதான் வரும். வாண்டின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல், குழாய் இணைப்பில் தளர்ந்த ரப்பர், வாயின் ஓரத்தில் நசுங்கல் என்று எது இருந்தாலும் இதே கதி. பல்லாயிரம் டாலர் இயந்திரம் அங்கே நின்று வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும்.

குழாயின் அகலமும் இதே போலத்தான். ஒன்றரை அங்குலக் குழாயை விட இரண்டு அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு சுமார் 1.8 மடங்கு. வேன் இயந்திரத்துக்கு அகலமான குழாயும் அகலமான வாண்டும்தான் சரி. ஆனால் சிறிய இயந்திரத்துக்கு அதே பெரிய குழாயை மாட்டினால் காற்றின் வேகம் குறைந்து தண்ணீர் பாதி வழியிலேயே திரும்பி வழியும். வாயின் அகலத்திலும் இதே விதிதான். 14 அங்குல வாய் 12 அங்குலத்தை விட உசத்தி என்று நினைப்பது தவறு. இருக்கும் உறிஞ்சு சக்தி முழுதும் அந்த அகலத்துக்குப் பங்கு பிரிய வேண்டும். பங்காளிகள் கூடினால் ஆளுக்குக் கிடைப்பது குறையும். எனவே "எது நல்ல வாண்ட்?" என்ற கேள்விக்குத் தனியாக விடை இல்லை. "எந்த இயந்திரத்துக்கு?" என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஐந்து கிலோமீட்டர்

இனி மிக முக்கியமான விஷயம். இது இயந்திரத்தின் கணக்கு இல்லை, மனிதனின் தோள்பட்டைக் கணக்கு.

14 அங்குல வாண்ட் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு இழுப்பிலும் முந்தைய தடத்தின் மேல் 2 அங்குலம் ஏறிவர வேண்டும் என்றால், மீதி 12 அங்குலம், அதாவது ஒரு அடி. 1,000 சதுர அடிக் கார்ப்பெட்டுக்கு 1,000 அடி நீளம் போக வேண்டும். தண்ணீர் விட்டபடி ஒருமுறை முன்னும் பின்னும், தண்ணீர் விடாமல் உறிஞ்சியபடி ஒருமுறை முன்னும் பின்னும். ஆக 4,000 அடி, சுமார் 1.2 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு இப்படி நான்கு வீடு என்றால் ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஈரக் கார்ப்பெட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் ஒரு உலோக வாயைத் தள்ளியும் இழுத்தும் அவ்வளவு தூரம்!

மூன்றாவது வீட்டில் கை ஓயும். கை ஓய்ந்தவர் எதை முதலில் விடுவார்? தண்ணீர் விடும் இழுப்பை விட முடியாது, விட்டால் அழுக்கு அப்படியே தெரியும். உலர் இழுப்பைத்தான் விடுவார். அதை விட்டால் அப்போது யாருக்கும் தெரியாது. கார்ப்பெட் பளபளவென்று இருக்கும். வீட்டுக்காரர் பணத்தைக் கொடுத்துவிடுவார். மறுநாள் காலையில் காலுறை நனையும்போதுதான் விஷயம் புரியும்.

நழுவிப் போகும் வாண்டுக்குக் காசு கொடுப்பது சொகுசுக்காக இல்லை என்பது இதனால்தான். வாயின் உதட்டில் மாட்டும் டெஃப்லான் பட்டை இந்தத் தொழிலில் வந்த பெரிய மாற்றங்களில் ஒன்று. இதற்கு கிளைடு என்று பெயர். நான்-ஸ்டிக் தவாவில் இருக்கும் அதே பொருள். தேய்மானம் உள்ள சாமான், அவ்வப்போது மாற்ற வேண்டும். ஆனால் அதை மாட்டிய பிறகு தள்ளும் சிரமம் வெகுவாகக் குறைகிறது. கார்ப்பெட் இழையும் பிய்வதில்லை. வெறும் எவர்சில்வர் உதட்டில் ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் போதும், கண்ணி கண்ணியாக நெய்த பெர்பர் கார்ப்பெட்டில் ஒரு நூலைப் பிடித்து இழுத்து நீளக் கோடு போட்டுவிடும். அந்தக் கோட்டுக்கு நஷ்டஈடு கொடுத்தால் அன்றைய வருமானம் மட்டுமில்லை, அந்த வாரத்து வருமானமும் போகும்.

எடையும் வளைவும் அப்படித்தான். தள்ளுபவரின் உயரத்துக்குக் கைப்பிடி பொருந்தாவிட்டால் இடுப்பு குனிந்தே இருக்கும். விசை கடினமாக இருந்தால் விரல் மரத்துப்போகும். கடையில் இரண்டு நிமிடம் பிடித்துப் பார்ப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. வாண்டை மதிப்பிட வேண்டிய இடம் நான்காவது வீடு.

கூலிக்கு ஆள் வைத்து நடத்தும் நிறுவனங்களில் இன்னொரு சிக்கல். வாண்டைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், தள்ளுபவர் வேறொருவர். மிச்சம் பிடித்த லாபம் முதலாளிக்கு, முதுகுவலி தொழிலாளிக்கு. இந்தச் செலவு எந்த ஐந்தொகையிலும் வராது. நல்ல ஆள் வேலையை விட்டுப் போகும்போதுதான் கணக்கில் ஏறும்.

17 சென்ட்

காமர்ஸ் படித்தவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். மட்டமான வாண்டுக்கும் நல்ல வாண்டுக்கும் விலை வித்தியாசம் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு நான்கு வீடு, வாரத்துக்கு ஐந்து நாள், வருடத்துக்கு 50 வாரம். ஆக, வருடத்துக்கு 1,000 வீடு. வாண்ட் மூன்று வருடம் உழைத்தால் 3,000 வீடு. 500-ஐ 3,000-ஆல் வகுத்தால் வீட்டுக்குச் சுமார் 17 சென்ட். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விசிட்டிங் கார்டின் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டிய தொகை! மறுபக்கத்தில், "இன்னும் ஈரமாக இருக்கிறது, நாற்றம் வருகிறது" என்று ஒரே ஒரு வீடு திரும்பக் கூப்பிட்டால் பெட்ரோல், இரண்டு மணி நேரம், அந்த நேரத்தில் போயிருக்கக்கூடிய வேறு வீடு, எல்லாவற்றுக்கும் மேல் பெயர்.

அப்படியானால் எல்லோரும் ஏன் நல்ல வாண்ட் வாங்குவதில்லை? ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய பழைய கார் சந்தைக் கட்டுரை இங்கே உதவும். 2001-ல் அவர் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அந்தக் கட்டுரைதான் முக்கியக் காரணம். சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்தே விரட்டிவிடும் என்பது அவர் வாதம். கார்ப்பெட் கழுவுவதும் அதே மாதிரிதான். எவ்வளவு தண்ணீர் உள்ளே தங்கியது, எவ்வளவு சோப்பு எஞ்சியது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிவதெல்லாம் விலை ஒன்றுதான். "ஒரு அறைக்கு இவ்வளவுதான்" என்று தரைவிலைக்கு விளம்பரம் செய்பவரோடு போட்டி போட, நல்லவரும் எங்காவது மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து மிச்சம் பிடிக்கிறார். வாண்ட் அப்படிப்பட்ட இடம்.

எஞ்சிய சோப்பு ஈரத்தை விட மோசம். காய்ந்த பிறகு பிசுபிசுப்பாகி, வருகிற போகிற தூசியை எல்லாம் ஒட்டிக்கொள்ளும். ஒரே மாதத்தில் கார்ப்பெட் முன்பை விட அழுக்காகத் தெரியும். "கழுவினால் கார்ப்பெட் கெட்டுப்போகும்" என்று சிலர் நம்புவதற்கு இதுதான் காரணம். கெடுத்தது கழுவியதல்ல, சரியாக அலசாதது.

"கை நல்லா இருந்தா போதும்" என்பவர்களுக்கு

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதில் நியாயமும் உண்டு. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். திறமைசாலிக்கு எந்த வாண்ட் கொடுத்தாலும் வேலை நடக்கும்." முதல் வீட்டுக்கு இது உண்மை. முன்கூட்டியே நன்றாகத் தூசி உறிஞ்சி, மருந்து தெளித்து, ஊறப் பொறுமையாக விட்டால் சுமாரான வாண்டிலும் நல்ல வேலை வரும். ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஸின்னர் 1959-ல் சொன்னது இதுதான்: சுத்தம் செய்வதற்கு மருந்து, சூடு, நேரம், தேய்ப்பு என நான்கு காரணிகள். ஒன்று குறைந்தால் மற்றவற்றைக் கூட்டி ஈடுகட்ட வேண்டும்.

ஆனால் ஈடுகட்டுவதற்கும் விலை உண்டு. நேரத்தைக் கூட்டினால் நான்கு வீடு மூன்றாகும். மருந்தைக் கூட்டினால் அலச வேண்டியதும் கூடும். சூட்டையும் காரத்தையும் கூட்டினால் செயற்கை இழை ஓரளவு தாங்கும், கம்பளி தாங்காது, சாயம் கசியும். திறமைசாலி தன் திறமையை மோசமான கருவியோடு மல்லுக்கட்டவே செலவழிப்பது எந்தக் கணக்கில் லாபம்?

மற்ற சாமான்கள், சுருக்கமாக

- குழாய்: உள்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். தேவைக்கு மேல் நீளம் வேண்டாம். ஒவ்வொரு அடியும் உறிஞ்சு சக்தியில் கொஞ்சம் தின்னும்.
- வடிகட்டி: உப்புத் தண்ணீர் உள்ள ஊரில் சுண்ணாம்பு படிந்து ஜெட் அடைபடும். ஜெட்டுக்கு முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வலை அவசியம்.
- மின்விசிறி: தரையோடு காற்றை அடிக்கும் வகை. விலை குறைவு, பலன் அதிகம். ஆனால் உலர் இழுப்புக்கு இது மாற்று ஆகாது.
- சுழலும் தலை உள்ள இயந்திரம்: ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடங்களுக்கு நல்லது. படிக்கட்டிலும் மூலையிலும் அது நுழையாது என்பதால் சாதா வாண்டும் கூடவே வேண்டும்.
- கையால் முடிந்த கம்பளி விரிப்புகள்: வீட்டிலேயே வாண்டால் மேயக் கூடாது. எடுத்துப்போய்த் தனியாக அலசுவதுதான் முறை.

வாங்கப் போகிறவர் கேட்க வேண்டியவை

1. இந்த வாண்ட் இருக்கும் இயந்திரத்தின் காற்றோட்டத்துக்குப் பொருந்துமா?
2. ஜெட்டின் எண் என்ன? பக்கத்துக் கடையிலும் கிடைக்கும் பொது அளவா, அவர்களிடம் மட்டுமே வாங்க வேண்டிய அளவா?
3. விசைக்கும் வால்வுக்கும் ரப்பர் வளையத்துக்கும் உதிரி தனியாகக் கிடைக்குமா? கிடைக்காவிட்டால் ஒரு வளையம் போனதற்கு மொத்த வாண்டையும் மாற்ற நேரும்.
4. கிளைடு மாட்ட முடியுமா? மாற்றுக் கிளைடு என்ன விலை?
5. வெல்டிங் தொடர்ச்சியாக இருக்கிறதா? உதட்டில் விரலை ஓட்டினால் பிசிறு தட்டுகிறதா?
6. ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார்களா?

ஆறாவது கேள்விதான் மற்ற ஐந்துக்கும் தலை. கொடுத்தால், மாலையில், நான்காவது வீட்டில், கை ஓய்ந்த நேரத்தில், ஒரு வெள்ளைத் துண்டைக் கார்ப்பெட்டின் மேல் போட்டுக் காலால் நன்றாக மிதித்துப் பார்க்க வேண்டும். துண்டு சொட்டச் சொட்ட வந்தால் அந்த வாண்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். லேசாக ஈரம் தட்டியதோடு சரி, அழுக்கும் ஒட்டவில்லை என்றால் பேரம் பேசாமல் வாங்கிவிடலாம். இயந்திரத்தின் விளம்பரத் தாளில் எத்தனை எண்கள் இருந்தாலும், வாடிக்கையாளர் படிக்கப் போவது அந்தத் துண்டைத்தான்.